விட முடியாத பீடி

கடலில் மூழ்குபவருக்கு மூச்சுதான் மூலதனம். தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். கல்லின் பாரத்தில் ஆழத்துக்கு இறங்கி, மூச்சை அடக்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். 1961-ம் ஆண்டோடு அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவரின் மடியில் பீடிக்கட்டு இருந்தால்? புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று இருக்கிறது. அது பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிராண வாயு இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பிறகு மூச்சு எப்படி நிற்கும்?

இது அவருக்கும் தெரியும். "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று மனைவியிடம் சொல்கிறார். மறுநாள் காலை, பல் துலக்குமுன் கை தீப்பெட்டியைத் தேடுகிறது.

"பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே!" என்று வீட்டில் சண்டை.

அவர் பொய் சொன்னாரா? இல்லை, மனதாரத்தான் சொன்னார். குற்றவாளி புகையிலையில் உள்ள நிகோட்டின்! புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிக்குள் அது மூளையைத் தொட்டுவிடும். அங்கே இன்பம் தரும் சுரப்பைத் தூண்டும். சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறையும். உடனே மூளை "இன்னும் கொடு" என்று நச்சரிக்கும். இரவெல்லாம் பட்டினி கிடந்த மூளை அல்லவா? காலைப் பீடிக்கு அதனால்தான் அத்தனை அவசரம்.

சிகரெட்தான் கெடுதல், பீடி வெறும் இலைதானே என்பாரும் உண்டு. வீண் பேச்சு! பீடி அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க அதிகமாக இழுக்க வேண்டும். நிகோட்டினும் அதில் குறைவில்லை.

விட்டவருக்கு எரிச்சல் வரும், தூக்கம் போகும். முதல் 3 நாள் மிகக் கடுமை. பிறகு 3, 4 வாரத்தில் தணியும். அந்த நாட்களில் அவரை ஏசுவதால் பயனில்லை. டீக்கடையில் நண்பர் அன்பாக நீட்டும் பீடியோ அதைவிடக் கெடுதல்.

வைராக்கியம் இருந்தால் போதும் என்று சொல்லிவிடுவது சுலபம். காய்ச்சல்காரரிடம் அப்படிச் சொல்வோமா? இதற்கும் மருந்து உண்டு. நிகோட்டினைச் சிறிய அளவில் தந்து, படிப்படியாகக் குறைக்கும் மருந்துகளை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அவை துறைமுகத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் கைக்கெட்ட வேண்டும். புகையிலையை விட விரும்புவோருக்காக 2016-ல் மத்திய அரசு தொடங்கிய தொலைபேசி எண் 1800-11-2356. பேசக் கட்டணம் இல்லை. கணவர் தயங்கினால், மனைவி எண்ணைப் போட்டுக் கையில் கொடுக்கலாம்.