தமிழ் வேடமிட்ட ஆங்கில எழுத்துகள்

கடந்த ஆண்டின் நடுப்பகுதியில் வெளிநாடொன்றில் வாழும் பெண்ணொருவரிடமிருந்து எனக்கொரு மின்னஞ்சல் வந்தது. 2007 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கொழும்பில் வெள்ளை வானில் ஏற்றிச் செல்லப்பட்ட தன் தந்தையைப் பற்றி, அந்நாளில் நான் பணியாற்றிய பத்திரிகையில் நான்கு வரிச் செய்தியொன்று வெளிவந்ததாகத் தாயார் அவரிடம் சொல்லியிருக்கிறார். தாயார் இப்போது உயிருடன் இல்லை. பத்திரிகை நறுக்கு வீடு மாறி வீடு மாறி எங்கோ தொலைந்துவிட்டது. விண்ணப்பமொன்றில் குறிப்பிடுவதற்குச் செய்தி வெளிவந்த திகதி வேண்டும், இணையத்தில் எப்படித் தேடியும் எதுவும் அகப்படவில்லை, உதவ முடியுமா என்று கேட்டிருந்தார்.

அந்தச் செய்தியை எழுதியவன் நானாகவே இருக்கலாம். அக்காலத்தில் அப்படியான நான்கு வரிகளை ஒரே இரவில் இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறோம். பழைய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அக்காலத்துக் கணினிகள் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போய்விட்டன என்றார்கள். கட்டித் தைத்த பிரதிகளில் அந்த மாதங்களைக் காணவில்லையாம். தேசிய சுவடிக்கூடத்துக்குப் போகலாம். ஆனால் திகதி தெரியாதவர் அங்கே மாதக்கணக்கான பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

கடைசியில் என் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பதினொரு இறுவட்டுகளை எடுத்தேன். 2005 முதல் 2008 வரை எங்கள் தட்டச்சாளர்கள் அடித்த மூலக் கோப்புகள் அவற்றில் இருந்தன. யாரிடமும் கேளாமல் நான் பிரதி எடுத்து வந்தவை (அந்தக் குற்றத்தை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்). இறுவட்டு வாசிக்கும் கருவியொன்றைத் தேடி வாங்கி, முதலாவது கோப்பைத் திறந்தபோது கண்ணிற்பட்டவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. 'தமிழ்' என்ற சொல் நிற்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு எழுத்துகளும், அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

பாமினி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கோலம் பழக்கமானது. ரொறன்ரோவில் மென்பொருட் பொறியியலாளராக இருக்கும் என் பெறாமகனுக்கு ஒரு கோப்பை அனுப்பிவைத்தேன். அவன் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்ன ஒரு வசனம் இன்றைக்கும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. "சித்தப்பா, இது தமிழே இல்லை. இங்கிலீசு எழுத்துக்குத் தமிழ் வேசம் போட்டு விட்டிருக்கிறியள்."

அவன் சொன்னதில் மிகையேதும் இல்லை. கணினிக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது. எண்கள் மட்டுமே உண்டு. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் உடன்படிக்கை. பாமினியும் அதன் வழிவந்த எழுத்துருக்களும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்து காட்டின. திரையிலும் அச்சிலும் நாம் 'த' என்று படித்தோம். கணினியோ அதை 'ஜே' என்றே அறிந்துவைத்திருந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. தேடுபொறிக்கு வேடம் ஒருநாளும் தெரிந்ததில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்பதைப் பாமினியில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில், கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் அரவைக் கடைசியிலும் வைத்து, ஈய எழுத்துக் கோத்த அச்சுக்கோப்பாளர்களைப் போலவே அடித்தோம். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அதன் பின்னரே உயிர்க்குறி. ஆகவே ஒன்றை மற்றதாக மாற்றுவதற்கு எண்களை இடம் மாற்றுவது மட்டும் போதாது, வரிசையையும் திருத்த வேண்டும். இதுவும் பெரிய வித்தையன்று. ஒரு மாலைப்பொழுதில் எழுதி முடிக்கக்கூடிய நிரல்தான்.

அக்காலத்தில் எங்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1990 களில் இருக்கவில்லை. ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991 இல் தமிழுக்கும் இடம் ஒதுக்கியே வெளிவந்தது என்றாலும், வின்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்து சேரும்வரை சாதாரணக் கணினியில் அதனால் பயன் இருக்கவில்லை. அதன் பின்னரும் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருள்கள் எங்களைக் கைவிட்டன. நாங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கருக்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. அடோபி நிறுவனத்தின் இன்டிசைன் மென்பொருளில் இந்திய மொழி எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் வசதி முறைப்படி வந்தது 2012 இல். ஆகவே அதுவரை பக்கத்தைப் பாமினியில் கோத்ததில் தவறில்லை. தவறு, கோத்த பின்னர் அதை அப்படியே விட்டதில். புலம்பெயர்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் எழுத்துருமாற்றியை இணையத்தில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியதாக இருந்தது. ஒவ்வோர் இரவும் அச்சுக்குப் போன பின்னர் அன்றைய செய்திகளை ஒட்டி, ஒரு பொத்தானை அழுத்தி, மாற்றிச் சேமித்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவரும் இருந்தார். 2006 இல் ஆசிரிய பீடக் கூட்டமொன்றில் இளம் தட்டச்சாளர் ஒருவர் எழுந்து, பழைய கோப்புகளையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றி வைப்போம், ஓய்வு நேரத்தில் தானே செய்வதாகவும் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. சிரித்தோம். "நாங்கள் எழுதுகிற ஆட்கள், இதெல்லாம் கொம்பியூட்டர் பிரிவு பார்க்க வேண்டியது" என்று சொன்னவர் வேறு யாருமல்லர், நானேதான். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைக்கு வந்த எங்கள் தலைமுறையிடம் ஒரு மேட்டிமை இருந்தது. எழுத்து எங்களுடையது, எழுத்துரு தட்டச்சாளருடையது என்று நினைத்தோம். ஈய எழுத்துக் காலத்து ஆசிரியர்களிடம் இந்த நோய் இருக்கவில்லை என்பேன். எந்தப் பெட்டியில் எந்த எழுத்துக் கிடக்கிறது, எந்த எழுத்துத் தேய்ந்துவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தட்டச்சாளர் அடுத்த ஆண்டே நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

நிருவாகிகளின் கணக்கு வேறு. இணையத்தில் எழுத்தாகப் போட்டால் மற்றவர்கள் திருடிவிடுவார்கள் என்று பக்கங்களைப் படமாக மட்டும் ஏற்றிய நிறுவனங்கள் உண்டு. திருட விரும்பியவர்கள் பார்த்துத் தட்டச்சுச் செய்தே திருடினார்கள். தேட விரும்பிய வாசகருக்குத்தான் கதவு சாத்தப்பட்டது. அறிஞர்களின் பங்கையும் சொல்லாமல் விடமுடியாது. ஒருங்குறியில் மெய்யெழுத்துக்குத் தனியிடம் இல்லை, 'க்' என்பதை அகரமேறிய ககரத்துக்குப் புள்ளியிட்டே பெறவேண்டியிருக்கிறது, இது தமிழ் இலக்கணத்துக்கு விரோதம் என்ற வாதம் பிழையானதன்று; நானும் அதை ஏற்கிறேன். தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியோடு எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 என்ற முறையையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த வழக்கைக் காரணங்காட்டி இரண்டுமல்லாத பாமினியிலேயே குந்தியிருந்தவர்களை என்னவென்பது? அதே ஒருங்குறியை வைத்துக்கொண்டு 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிய யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன், ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிச் சேர்த்தார். அவர் அன்று எழுதியதை எந்த மூலையிலிருந்தும் இன்று ஒரு நொடியில் எடுக்கலாம். அதே ஆண்டில் நாங்கள் எழுதிய ஆசிரிய தலையங்கமொன்றை எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் தீக்கிரையானது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிறந்ததும் தமிழ்ப் பத்திரிகைகள் இதை நினைவுகூர்ந்து எழுதுகின்றன, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நினைவுக் கட்டுரைகளையே பாமினியில் அடித்து, அச்சான மறுநாளே தொலைத்துவிட்டோமே, அதற்கு எந்தப் பொலிசாரைக் குற்றஞ்சாட்டுவது? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அச்சிடத் தாளின்றிக் கோடுபோட்ட கொப்பித் தாளில் அச்சாகின. மங்கிப்போன அந்தத் தாள்களை இன்றும் கையில் எடுத்து வாசிக்க முடிகிறது.

2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் பணியை நான் தலைவணங்கி மதிக்கிறேன். ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நூல்களும் இன்று ஓரளவாவது எட்டும் தூரத்தில் இருப்பதற்கு அந்தத் தொண்டர்களே காரணம். ஆனால் அவர்கள் தலையில் நாங்கள் சுமத்தியிருக்கும் வேலையைப் பாருங்கள். கணினியில் பிறந்த எழுத்தை நாங்கள் தாளில் அச்சிட்டோம். அந்தத் தாளை அவர்கள் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க இன்னொரு மென்பொருள் பாடுபட்டு, ணகரத்தையும் னகரத்தையும் குழப்பிப் பிழையோடு தருகிறது. பிழையில்லாத மூலம் எங்களிடம் இருந்தது. அதைத்தான் பழைய இரும்புக்குப் போட்டோம்.

அரசாங்கமும் இதில் எங்களுக்குச் சளைத்ததன்று. தமிழ்க் குறியீட்டுக்கான இலங்கைத் தரநிலை 1326 வெளிவந்தது 2008 இல். அதன் பின்னர் வெளியான அரச ஆவணங்களின் தமிழ்ப் பிரதிகள் பலவற்றிலிருந்தும் ஒரு பந்தியைப் பிரதி எடுத்து ஒட்டினால் அதே அரைப்புள்ளிக் கோலம்தான். அரச கரும மொழி என்பது தாளளவில் நின்றுவிட்டது.

இப்போது செயற்கை நுண்ணறிவின் காலம். இந்தப் பொறிகள் மொழியைக் கற்பது திரட்டி எடுக்கக்கூடிய எழுத்துக் குவியல்களிலிருந்து. பாமினிக் கோப்பு அவற்றுக்கு வெறும் குப்பை, கழித்து ஒதுக்கிவிடும். சில மாதங்களுக்கு முன் அப்படியான ஒரு செயலியிடம், கச்சேரியில் ஓர் அலுவல் இருக்கிறது, எந்தெந்தப் பத்திரங்களைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டேன். நுழைவுச்சீட்டை மறவாமல் எடுத்துச் செல்லுமாறும், பாடகர் மேடைக்கு வருமுன் ஆசனத்தில் அமர்ந்துவிடுவது நல்லது என்றும் ஆலோசனை சொன்னது. சிரித்து முடிந்த பின்னர்தான் உறைத்தது. எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபர் பணிமனை என்று அந்தப் பொறிக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். கச்சேரி என்று நாள்தோறும் எழுதினோம், ஜேயும் கேயும் அரைப்புள்ளியுமாக. எங்கள் வழக்கு பொறியின் நாவில் ஏறவில்லையே என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் தங்கள் அலுவலகத்து வன்தட்டுகள் எங்கே என்று தேடட்டும்.

அந்தப் பெண்ணின் விடயத்துக்கு வருகிறேன். பதினொரு இறுவட்டுகளில் இரண்டு வாசிக்க முடியாதபடி கெட்டுவிட்டன. மற்ற ஒன்பதிலும் இருந்த கோப்புகளைப் பெறாமகன் ஓர் இரவில் மாற்றி அனுப்பினான். தந்தையின் பெயரைக் கொடுத்துத் தேடினேன், கிடைக்கவில்லை. தலையெழுத்தை நீக்கிவிட்டு, ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தேடியபோது அகப்பட்டது. நான்கு வரியல்ல, ஐந்து வரி. குடும்பத்தார் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்த திகதிக்கும் செய்தி குறிப்பிடும் திகதிக்கும் இரண்டு நாள் வேறுபாடு இருந்தது. வானின் இலக்கத்தகட்டில் இருந்த கடைசி இரண்டு இலக்கங்களை அயலவர் ஒருவர் கண்டதாகவும் அந்த ஐந்தாவது வரியில் இருந்தது. அது மகளுக்குத் தெரியாது. தாயார் ஒருநாளும் சொன்னதில்லையாம். கோப்பின் திகதியைக் கொண்டு சுவடிக்கூடத்தில் அச்சுப் பிரதியையும் பார்த்து உறுதிப்படுத்தி அனுப்பிவைத்தேன்.

அந்த ஒன்பது இறுவட்டுகளிலும் இப்படியான ஐந்து வரிகள் எத்தனை இருக்கின்றன என்று நான் இன்னும் எண்ணி முடிக்கவில்லை. மற்றப் பத்திரிகைகளின் வன்தட்டுகளில் கிடப்பவை எத்தனையோ. பத்திரிகை நிறுவனங்களில் இன்றும் பணியிலிருக்கும் நண்பர்கள் இதை வாசிப்பீர்களாயின், நாளை அலுவலகம் போனதும் களஞ்சிய அறையைத் திறந்து பாருங்கள். பழைய கணினியை எடைக்குக் கொடுக்குமுன் வன்தட்டைக் கழற்றி எடுங்கள். மாற்றித் தருவதற்கு என் பெறாமகன் ஆயத்தமாக இருக்கிறான், காசு கேட்கமாட்டான். என்னிடமுள்ள கோப்புகளை, உறவினரைத் தேடிக் கேட்கும் எவருக்கும் கொடுப்பேன். அவற்றின் பதிப்புரிமை தங்களுடையது என்று கருதும் நிறுவனம் என்மீது வழக்குத் தொடரலாம். என் முகவரி அவர்களிடம் இருக்கிறது.