சாட்சி சொல்பவரிடம் கேட்கப்படாத கேள்விகள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது, பலரும் இரண்டு வசனங்களில் ஒன்று கைக்கு வர வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொள்வார்கள். ஒன்று உபாகமம் 28:13. கீழே கிடப்பவரை மேலே கொண்டுவருவதைப் பற்றிப் பேசுவது. மற்றொன்று எரேமியா 29:11. எதிர்காலம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை தருவது. நீட் தேர்வுக்கு இரண்டாம் முறை படிக்கும் பிள்ளைக்கும், வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் நர்ஸுக்கும், நகையை அடகுவைத்துக் கடை திறந்தவருக்கும் அந்த அட்டைதான் ஆண்டு முழுவதும் தெம்பு.

அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அட்டையில் அச்சாகாத வசனங்களும் அதே வேதாகமத்தில்தான் இருக்கின்றன. உபாகமம் 28இல் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14இல் முடிந்துவிடுகிறது. மீதி 54இல் இருப்பது சாபம். நான்கு அதிகாரங்களுக்கு முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு என்ற கட்டளை இருக்கிறது. பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்திருக்காதே என்கிறது 25ஆம் அதிகாரம். எரேமியாவின் வசனமோ, பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருவது. திரும்பி வர 70 ஆண்டு ஆகும் என்று முந்தைய வசனமே சொல்லிவிடுகிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்த நகரத்தின் நலனுக்காகவே ஜெபம் செய்யுங்கள் என்கிறார் தீர்க்கதரிசி.

இதைச் சொன்னதும் சிலர், ‘அப்படியானால் கிறிஸ்தவர்கள் முன்னேற ஆசைப்படக் கூடாதா?’ என்று சண்டைக்கு வருவார்கள். தாராளமாக ஆசைப்படலாம். தென் தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாறு தெரிந்த யாரும் அந்த ஆசையைப் பழிக்க மாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துச் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, லேஸ் தொழிலும் தேரிக்காட்டுக்குப் போயிற்று. ஊசியும் நூலும் சம்பாதித்த காசு அந்தப் பெண்களுக்கு வெறும் உலக ஆசையாக இருந்திருக்க முடியாது. மூன்று தலைமுறை படித்து, சென்னையில் வீடும் வெளிநாட்டில் பிள்ளையும் உள்ள ஒருவர், குடும்பத்தின் முதல் பட்டதாரியைப் பார்த்து ‘உலகப் பொருளை நாடாதே’ என்று பிரசங்கிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இயேசுவும் ஆசையை நேரடியாக அடக்கியவரல்ல. யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி கேட்டபோது, பெரியவனாக விரும்புவதே தவறு என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஊழியம் செய்பவன்தான் பெரியவன் என்று வழியை மாற்றிக் காட்டினார். ஒரு பணக்கார வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். சகேயுவோ பாதியைக் கொடுப்பதாகச் சொன்னதற்கே அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது. ஆனால் சகேயு இன்னொன்றும் சொன்னான். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். பணம் எங்கே போகிறது என்பதோடு, எப்படி வந்தது என்பதற்கும் சேர்த்துக் கணக்கு ஒப்புவித்தான். இந்த இரண்டு கேள்விகளையும் சபை தன் உறுப்பினரிடம் கேட்கிறதா என்பதில்தான் விசுவாசத்துக்கும் வெற்றிக்கும் இடையிலான நியாயம் இருக்கிறது.

கேட்ட காலம் ஒன்று இருந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி பணத்தைப் பயன்படுத்துவது பற்றிய தம் பிரசங்கத்தை 1760இல் அச்சிட்டார். முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை மிச்சம் பிடி, முடிந்தவரை கொடு என்பது அதன் சாரம். இந்த மூன்றையும் மேடையில் அடிக்கடி கேட்கலாம். முதல் அறிவுரைக்கு அவர் போட்ட நிபந்தனைகளைத்தான் யாரும் சொல்வதில்லை. உடம்பைக் கெடுக்கும் வேலையில் சம்பாதிக்காதே. மனசாட்சியைக் கெடுக்கும் வேலையில் சம்பாதிக்காதே. அடுத்தவர் கடையை மூடவைப்பதற்காக உன் சரக்கைச் சந்தை விலைக்குக் கீழே விற்காதே. அடுத்தவருக்குத் தேவையான வேலையாளை ஆசைகாட்டி இழுக்காதே. சாராயம் விற்காதே. காசுக்காக நோயாளியின் நோயை இழுத்தடிக்கும் மருத்துவரையும் அவர் சாராயம் விற்பவரோடு சேர்த்தே வைக்கிறார். அடகுக் கடையும் சட்டத்தை மீறிய வட்டியும் அவருடைய பட்டியலில் தடை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2003இல். அந்தச் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும், கோயில் கட்ட முதல் வரிசையில் நின்று காணிக்கை தந்த வட்டிக்காரர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது அறிவுரைக்கு வெஸ்லி தந்த கணக்கு இன்னும் சுவையானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வாலிபருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. 28இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60. அப்போதும் 28இல் வாழ்ந்து 32 பவுண்டு கொடுத்தார். பிறகு 90 வந்தது, 62 போயிற்று. 120 வந்தது, 92 போயிற்று. பெயர் சொல்லப்படாத அந்த வாலிபர் வெஸ்லிதான் என்பது பரவலான கருத்து. 1776இல் வரித்துறையினர், வீட்டில் வைத்திருக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்குக் கணக்குக் காட்டவில்லை என்று கடிதம் எழுதியபோது, லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டிகள்தான் தம்மிடம் உள்ளன, சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு ஏங்கும்போது வேறு வாங்கும் எண்ணமில்லை என்று பதில் போட்டார். தசமபாகத்தைக் கட்டிவிட்டு, மீதி 90 சதவீதத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

வெஸ்லிக்கே ஒரு பயம் இருந்தது. குடியை விட்டு, நேர்மையாக உழைத்து, சிக்கனமாக இருப்பவனிடம் பணம் சேரும். பணம் சேர்ந்தால் பக்தி குறையும். அப்படியானால் மெய்யான பக்தியின் எழுப்புதல் எப்படி நீண்ட நாள் நிலைக்கும் என்று 1786இல் எழுதினார். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், புராட்டஸ்டண்ட் ஒழுக்கமும் முதலாளித்துவமும் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இந்தப் பகுதியை அப்படியே எடுத்துக் காட்டினார். வயதான காலத்தில் வெஸ்லியின் புலம்பல், தம் ஆட்கள் முதல் இரண்டு அறிவுரைகளை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டார்கள் என்பதுதான்.

வெஸ்லி பிரசங்கித்தார், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதை நடைமுறையாகவே வைத்திருந்தார்கள். வியாபாரத்தில் நேர்மையாக நடந்தீர்களா, வாக்குக் கொடுத்த தேதியில் பணம் கொடுத்தீர்களா என்று அவர்களுடைய சபைக் கூட்டங்களிலேயே விசாரணை நடக்கும். சிறைச் சீர்திருத்தத்தால் உலகப் புகழ்பெற்ற எலிசபெத் ஃபிரையின் கணவர் ஜோசப் ஃபிரையின் வங்கி 1828இல் திவாலானது. அடுத்தவர் பணத்தைக் காப்பாற்றத் தவறியதற்காகச் சபை அவரை நீக்கியது. மனைவியின் புகழ் அவரைக் காக்கவில்லை. அத்தனை கடுமை தேவையா என்று கேட்கலாம். ஆனால் குவேக்கரிடம் நம்பிப் பணம் கொடுக்கலாம் என்ற பெயர் அவர்களுக்கு இருந்ததற்கு இந்தக் கடுமையும் ஒரு காரணம்.

அவர்களும் வழுக்கினார்கள். சாக்லேட்டால் பெயர்பெற்ற கேட்பரி குடும்பம் குவேக்கர் குடும்பம். தொழிலாளர்களுக்குப் பர்மிங்காம் அருகே போர்ன்வில் என்ற தோட்டக் குடியிருப்பையே உருவாக்கியவர்கள். அங்கே மதுக்கடைக்கு இடமில்லை. ஆனால் அவர்களுடைய கொக்கோவின் கணிசமான பகுதி போர்ச்சுகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. 1901இல் அங்கே ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது, சொத்துப் பட்டியலில் தொழிலாளர்களும் விலையோடு இடம்பெற்றிருந்ததை வில்லியம் கேட்பரி பார்த்தார். விசாரணைக்கு ஆள் அனுப்பினார்கள், அரசிடம் முறையிட்டார்கள், ஆனாலும் கொள்முதல் 1909வரை நிற்கவில்லை. இடையில் ‘ஸ்டாண்டர்டு’ பத்திரிகை இவர்களைப் போலிகள் என்று சாட, கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது. ஜூரி கேட்பரி பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் நஷ்டஈடாகத் தந்தது ஒரு ஃபார்த்திங், பென்னியில் கால் பங்கு! சட்டப்படி வென்றவர்களுக்கு ஊர் மனசாட்சி கொடுத்த மதிப்பெண் அது. தன் ஆலைக்குள் நியாயமாக இருப்பவர், கச்சாப்பொருள் வரும் வழியைப் பார்க்காமல் இருந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணிலும் ஒருவர் இருந்தார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி.எஸ்.அசரியா. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்துக்கு முன்னின்றவர். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. இப்போது தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல் அவருடைய பேராயம். சபையாரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைப்பது அந்தப் பெண்களின் காணிக்கையாயிற்று. திருநெல்வேலிச் சபைகளில் இன்றும் பிடி அரிசி என்றால் தெரியும். அன்றைக்குக் கூலி வாங்கி அன்றைக்குச் சமைப்பவரிடம் கேட்கலாமா என்று மிஷனரிகளுக்கு வந்த தயக்கம் அசரியாவுக்கு வரவில்லை. கொடுப்பவர்களாக ஆகும்போதுதான் அவர்கள் யாருடைய தயவிலும் நிற்காத சபையாவார்கள் என்று நம்பினார். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதினார்.

அந்தப் பிடி அரிசிக்குப் பதிலாக மூட்டை அரிசி வரும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது முக்கியம். அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் என்ற சுவிசேஷகர் 1950களில் வேறு ஓர் ஒப்பந்தத்தைப் பிரபலமாக்கினார். 100 டாலர் கொடுங்கள், ஓராண்டுக்குள் எதிர்பாராத வழியில் அது திரும்பி வராவிட்டால் நானே திருப்பித் தருகிறேன் என்றார். பின்னாளில் அதற்கு விதை விசுவாசம் என்று பெயர் வந்தது. தமிழ்த் தொலைக்காட்சி ஊழியங்களில் கேட்கும் ‘விதையுங்கள்’ என்ற அழைப்பின் மூதாதை அதுதான். திருப்பித் தருகிறேன் என்ற உறுதிமொழி மட்டும் கடல் கடந்து வரவில்லை. இது காணிக்கை அல்ல, வைப்புத்தொகை. முதிர்வுத் தேதி வராதவர்கள் வங்கியைக் குறைசொல்ல முடியாது, தங்கள் விசுவாசத்தைத்தான் குறைசொல்லிக்கொள்ள வேண்டும். இந்தச் சபைகளால் குடியை விட்ட கணவர்களும், முதன்முதலாகச் சேமிப்புக் கணக்கு தொடங்கிய குடும்பங்களும் இருப்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த நன்மையைச் செய்தது குடியை நிறுத்திய ஒழுங்கும் தாங்கிய சகோதரர்களும். மேடையில் சொன்ன நூறு மடங்குக் கணக்கு அல்ல.

பழைய மரபுச் சபைகள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரிக்கும் தகுதி நமக்கு இருக்கிறதா? சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்து, கர்த்தர் எனக்கு இரண்டாவது ஷோரூம் திறக்கக் கிருபை செய்தார் என்கிறார். ஆமென் என்கிறோம். முதல் ஷோரூமில் வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி உண்டா, பி.எஃப். கட்டுகிறாரா, சம்பளம் தேதிக்கு வருகிறதா, ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் உண்டா என்று குருவானவர் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதல் தேங்காயை யார் எடுப்பது? பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைத்ததற்குச் சாட்சி சொல்லும் பெற்றோரிடம், பிள்ளை படித்து முடித்து எங்கே வேலை செய்யப்போகிறது என்றும் கேட்பதில்லை. தேர்வில் தோற்ற பிள்ளையைச் சாட்சி சொல்ல அழைப்பதும் கிடையாது. அதனால் தோற்றவர்களுக்குக் கிருபை இல்லை என்பதை நம் பிள்ளைகள் நாம் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த விசாரணையைத் தனி ஆட்களிடமிருந்து தொடங்கச் சொன்னால் அது வேட்டையாக மாறிவிடும். நிறுவனங்களிலிருந்து தொடங்கலாம். நம் திருமண்டலங்கள் பள்ளியும் கல்லூரியும் மருத்துவமனையும் நடத்துகின்றன. கட்டணம் வாங்குகின்றன, ஆள் எடுக்கின்றன, நிலம் வைத்திருக்கின்றன. உலக வெற்றி என்று சொல்லத்தக்கது அதிகம் இருப்பது அங்கேதான். அடுத்த திருமண்டலத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருபவருக்குக் காபி கொடுங்கள். கொடுத்துவிட்டு, அரசு ஊதியம் இல்லாமல் நிர்வாகச் சம்பளத்தில் நம் பள்ளிகளில் வேலை செய்யும் ஆசிரியருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், வேலைக்குச் சேரும்போது அவரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

(கட்டுரையாளர், திருச்சபை வரலாற்று ஆய்வாளர்)