நூற்பெயருக்குச் சாய்வெழுத்து எதற்கு?

"டானியலின் அடிமைகள் பற்றிய விரிவான ஆய்வு தேவை" என்று ஒருவர் எழுதுகிறார் எனக் கொள்வோம். ஈழத்து நாவலாசிரியர் கே. டானியலை முன்பின் அறியாத இளம் வாசகன் யாது விளங்கிக்கொள்வான்? டானியல் என்பவர் அடிமைகளை வைத்திருந்தார் என்றல்லவா! சாதிக்கொடுமையை எதிர்த்து எழுதிய ஒருவர், ஒரு குறி விடுபட்டமையால், அடிமைகளின் எசமானராகிவிடுகிறார். "அடிமைகள்" என்பது அவரெழுதிய நாவலின் பெயர்.

ஆங்கிலத்தில் இவ்விடர் குறைவு. பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட அவர்களால் இயலும். தமிழிலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. எனவே நூற்பெயரைப் பிரித்துக்காட்டும் பொறுப்பு முழுவதும் குறியீட்டின்மீதே விழுகின்றது.

அப்பொறுப்பைச் சாய்வெழுத்திடம் ஒப்படைக்கலாம் என்பர் கற்றறிந்தோர் சிலர். ஆங்கில ஆய்வேடுகளில் நூலும் சஞ்சிகையும் சாய்வெழுத்தில் வரும். அவற்றினுள் அடங்கும் கவிதை, சிறுகதை, கட்டுரை ஆகியன மேற்கோட்குறியினுள் வரும். அவ்வழக்கை அப்படியே பெயர்த்து நடுவதே ஆராய்ச்சி ஒழுங்கு என்பது அவர்தம் வாதம்.

ஒழுங்கு வேண்டும் என்பதில் எமக்குப் பிணக்கில்லை. ஆனால் சாய்வெழுத்தின் பிறப்பை நோக்குக. 1501 இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர் வெர்ஜிலின் கவிதைகளை முழுவதுமாக அவ்வெழுத்தில் அச்சிட்டார். அன்றைய இத்தாலியக் கற்றோரின் கையெழுத்தே அதற்கு மாதிரி. நூற்பெயரைச் சுட்டும் தொழில் அதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. தமிழில் நாம் இன்று காணும் சாய்வெழுத்தோ பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தைக் கணினி ஒருபுறம் தள்ளிவிட்டதேயாம். மலிந்த தாளில், சிற்றெழுத்தில், அதன் சாய்வு கண்ணுக்குத் தட்டுப்படாது. கையால் எழுதும் மாணவனுக்கு அது பயன்படாது. கணினியில் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்கு எடுத்துச் செல்லுகையில் அது உதிர்ந்துபோவதும் உண்டு. மேற்கோட்குறி எழுத்துகளுள் ஒன்றாகவே உடன்செல்லும்.

"மேற்கோட்குறி ஏளனத்துக்கும் வழங்குகிறதே" என்பது அவர்களின் மறுப்பு. மெய்தான். பிறர் படைப்பை இகழ விரும்புவோர், இலக்கியம் என்ற சொல்லுக்கே குறியிட்டு நையாண்டி செய்வதுண்டு. ஆயின் 1972 இல் வெளிவந்த "பஞ்சமர்" என்னும் நாவல் என்று எழுதுமிடத்து ஏளனத்துக்கு இடமேது? நம் உரைநடையில் நெடுங்காலமாக வழங்கும் 'என்னும்' என்ற சொல் அம்மயக்கத்தை அறுத்துவிடுகிறது. வேற்றுமை உருபின் இடரும் அதனாலேயே தீரும். "சிலப்பதிகாரத்தில்" என்று குறியிட்டால் குறிக்குள் நிற்பது நூலின் பெயரன்று. "சிலப்பதிகாரம்" என்னும் காப்பியத்தில் என்றால் பெயர் சிதையாது.

ஆகவே நாம் வேண்டுவது இதுவே: நூலுக்கும் சஞ்சிகைக்கும் இரட்டை மேற்கோட்குறி, அவற்றினுள் அடங்கும் கதை, கவிதை, கட்டுரைக்கு ஒற்றைக்குறி, வேற்றுமை உருபு குறிக்கு வெளியே.

இது அச்சுக்கோப்பவரின் சில்லறைப் பிரச்சினையன்று. திருக்குறளை எக்குறியுமின்றி எவரும் அறிவர். ஒருமுறை அச்சாகி மறைந்துபோன, ஒடுக்கப்பட்டோரின் வாழ்வைப் பேசிய நூலுக்கே குறி இன்றியமையாதது. நூலின் பெயர் இன்னதென்று அறியாத வாசகன், எந்த வாசிகசாலையில் எதைக் கேட்டு வாங்குவான்?