இலத்திரனியல் அலகைத் தள்ளிவைக்க வேண்டாம்



உயர்தர பௌதிகவியலில் இலத்திரனியலை "கடைசியில் பார்ப்போம்" என்று தள்ளிவைக்கும் பழக்கம் எம்மிடையே இருக்கிறது. செயற்பாட்டு விரியலாக்கியின் சூத்திரத்தை மனனம் செய்தால் போதுமாம். நாங்கள் இதை ஏற்கவில்லை.

போனைத் திருப்பினால் கேமில் கார் திரும்புகிறதே, அதில் ஜைரோஸ்கோப்புக்கும் பங்கு உண்டு. (கிப்லா காட்டுவது அதுவல்ல, காந்த உணரி. அதனால்தான் இரும்புக்குப் பக்கத்தில் கிப்லா தடுமாறுகிறது.) 2010இல் ஐபோன் 4இல் அது இருந்தது, இன்று பல போன்களில் உண்டு. உள்ளே நுண்ணிய சிலிக்கன் துண்டொன்று செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. போன் திரும்பும்போது கொரியோலிஸ் விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். மெதுவாகத் திருப்பினால் அந்த நகர்வு ஓர் அணுவின் அகலத்தைவிடவும் குறைவு!

அதனால் கொள்ளளவத்தில் ஏற்படும் மிகச்சிறு மாற்றத்தை வாசிப்பதுதான் கஷ்டமான வேலை. சைகையைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். ஆகவே முதல் விரியலாக்கி தானாகச் சேர்க்கும் இரைச்சல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு, துண்டு அதிரும் அதே மீடிறனில் வருவதை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். தம்புள்ளை மரக்கறிச் சந்தையின் சத்தத்திலும் சொந்தப் பிள்ளையின் குரல் நமக்குப் பிடிபடுகிறதல்லவா, அது போல.

இந்த வேலைக்கு முதற்படி நாம் தள்ளிவைக்கும் அதே அலகுதான்.

கம்பஸில் பொறியியல் படிக்கும் நாலந்தாப் பிள்ளைகளே, லீவில் வரும்போது இரண்டு சனிக்கிழமை தாருங்கள். பிரெட்போர்டும் சில 741 ஐசிகளும் நாங்கள் வாங்கி வைக்கிறோம்.