புற்று கட்டத் தெரியுமா?

முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடலாம். 'பால் பைத்தான்'ல இருக்கிற பால், நாகபஞ்சமிக்குப் புற்றுல ஊத்துற பால் இல்ல. பயந்தா இந்தப் பாம்பு தலையை நடுவுல ஒளிச்சுக்கிட்டு உடம்பைப் பந்து மாதிரி சுருட்டிக்கும், அதனால வந்த பேர். கானா, டோகோ, பெனின் மாதிரி மேற்கு ஆப்பிரிக்க நாடுகள்தான் அதோட சொந்த ஊர். விஷம் கிடையாது. மூணுல இருந்து அஞ்சு அடி வரைக்கும் வளரும். ரீல்ஸ்ல யாரோ கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிட்டு லேப்டாப் தட்டுறதைப் பார்த்துட்டு, "மச்சான், ரூம்ல ஒண்ணு வளர்க்கலாமாடா?"ன்னு நம்ம பசங்க கேக்குறது இந்தப் பாம்பைத்தான்.

என் பதில், வேண்டாம். பாம்புன்னா பயம், அதனால சொல்றேன்னு நினைக்காதீங்க. அதுக்கு என்ன மாதிரி வீடு வேணும்னு உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

காட்டுல அது பகல் முழுக்க எலி வளையிலயும் கரையான் புற்றுலயும் முடங்கிக் கிடக்கும். இருட்டு, இறுக்கம், கதகதப்பு, ஈரம். இந்த நாலும் சேர்ந்ததுதான் அதுக்கு வீடு. நம்ம ஆளுங்க வாங்க நினைக்கிற மீன் தொட்டியை யோசிச்சுப் பாருங்க. நாலு பக்கமும் கண்ணாடி, மேல டியூப் லைட், பக்கத்துல ஸ்பீக்கர். நல்லா வளர்க்கிறவங்க முழுசா வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்துல பெட்டி செய்றாங்க. ஒரு மூலை 31, 32 டிகிரி, எதிர் மூலை 26 டிகிரி. ரெண்டு பக்கமும் உடம்பு உரசுற அளவுக்கு இறுக்கமான ஒரு பொந்து. ஒண்ணு மட்டும் வெச்சா, சூடா இருக்கிறதா, ஒளிஞ்சிருக்கிறதான்னு பாம்பு ரெண்டுல ஒண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல இருக்கணும். குறைஞ்சா தோல் ஒரே சட்டையா உரியாம துண்டு துண்டா ஒட்டிக்கும்.

இதை நம்ம ஊர்ல பொருத்திப் பாருங்க. நெட்ல இருக்கிற கைடு எல்லாம் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, பெட்டியை எப்படிச் சூடாக்குறதுன்னு மட்டும்தான் சொல்லும். திருவண்ணாமலைல சித்திரை வைகாசி மதியம், மொட்டை மாடி ஷீட் ரூம்ல நாமளே ஈரத்துண்டு போட்டுத்தான் படுக்கிறோம். 40 டிகிரி ரூமுக்குள்ள 26 டிகிரி மூலைக்கு எங்க போறது? ஏசி போட்டா ஈரப்பதம் போயிடும். தெளிச்சு விட்டுக் காத்தோட்டத்தை அடைச்சா பூஞ்சையும் மூச்சுக்கோளாறும் வரும். மார்கழி ராத்திரில பிரச்சினை தலைகீழ், அப்போ சூடு பத்தாது.

"டேய், நாம இஞ்சினியர்ஸ்டா, ஒரு அர்டுயினோ, ஒரு சென்சார், ஒரு ரிலே, முடிஞ்சுது"ன்னு இசிஇ பசங்க சொல்வாங்க. இந்தப் பேச்சு எனக்கும் பிடிக்கும், மினி ப்ராஜெக்ட்டுக்கு அருமையான தலைப்பு. ஆனா மலிவு ரிலேல காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா ஹீட்டர் அணையாமலே ஓடும். பாம்புக்கு அடிவயிறு சுடுறது சீக்கிரம் உறைக்காது, நகராம அதே இடத்துல படுத்துத் தீப்புண் வாங்கிக்கும். அதனால ஹீட்டருக்குத் தனியா இன்னொரு கட் ஆஃப் சீரிஸ்ல வேணும். கரண்ட் போனா என்ன ஆகும்? செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனப்போ சென்சார் செத்தா யார் பார்ப்பாங்க? நம்ம ப்ராஜெக்ட் எல்லாம் டெமோ அன்னிக்கு அஞ்சு நிமிஷம் ஓடினா மார்க் விழுந்துடும். இது நிறுத்தாம ஓடணும்.

எத்தனை நாளைக்குங்கிறீங்களா? நல்லா வளர்த்தா 20, 30 வருஷம் சாதாரணம். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961ல வந்த ஒரு பால் பைத்தான் 2020ல, 60 வயசைத் தாண்டின பிறகு, முட்டை போட்டுச்சு. நமக்கு அடுத்த மே மாசம் எந்த ஊர்ல வேலைன்னே தெரியாது. சாப்பாடு எலி. உயிரோட போட்டா எலியே பாம்பைக் கடிச்சிடும், அதனால உறைய வெச்சு உருக்கித்தான் கொடுக்கணும். எலியை மெஸ் ஃப்ரிட்ஜுல வைப்பீங்களா? சில பாம்பு மாசக்கணக்கா சாப்பிடாது, அது இயல்பா நோயான்னு சொல்ல ஊர்வன தெரிஞ்ச டாக்டர் வேணும்.

அடுத்து, அது எந்த வழியா வருதுன்னு பாருங்க. 2023 ஜனவரியில சென்னை ஏர்போர்ட்ல, பாங்காக்ல இருந்து வந்து யாரும் எடுக்காம கிடந்த பைகள்ல 45 பால் பைத்தான் இருந்துச்சு. அதே வருஷம் ஜூலைல திருச்சி ஏர்போர்ட்ல, கோலாலம்பூர்ல இருந்து வந்த ஒருத்தர் பெட்டில 47 மலைப்பாம்பு. மூச்சு முட்டி வந்தது பிழைச்சா இன்ஸ்டாகிராம்ல விலைக்கு வரும். இந்தப் பாம்பு சைட்டிஸ் ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. 2022ல திருத்தின வனவிலங்குச் சட்டத்துலயும், 2024 பிப்ரவரில வந்த விதிகள்லயும், இப்படிப்பட்ட உயிரை வெச்சிருக்கிறவங்க பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணியே ஆகணும். கைமாறினாலும் செத்தாலும் சொல்லணும். விக்கிறவன்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது விலையை இல்ல, அந்தப் பதிவுக் காகிதத்தை.

அதுக்குப் பதிலா நம்ம ஊர் மலைப்பாம்பைப் பிடிச்சு வளர்க்கலாமான்னு ஒருத்தன் கேட்டான். அது முதல் அட்டவணை உயிரினம்டா, 3ல இருந்து 7 வருஷம் உள்ள.

பெனின் நாட்டுல உய்தாங்கிற ஊர்ல பாம்புக் கோயில் ஒண்ணு இருக்கு. இதே இனம்தான். ராத்திரி வெளிய போய் இரை தேடும். வழி தவறி யார் வீட்டுக்குள்ளயாவது புகுந்தா, அவங்க எடுத்துட்டு வந்து கோயில்லயே விட்டுடுவாங்க. அந்த ஊர்ப் பாம்புக்கு அந்த ஊர் வெயிலும் மண்ணுமே போதும், தெர்மோஸ்டாட் தேவையில்ல.

ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, திட்டப் போறதில்ல. முதல்ல கழுத்துல போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறதை நிறுத்துங்க. ரெண்டு பொந்து, மூடி பூட்டுற பெட்டி, தெர்மோஸ்டாட், தண்ணிக் கிண்ணம், இதை இந்த வாரமே செய்யுங்க. பதிவு நிலைமையை வனத்துறைகிட்ட நேராப் போய்ப் பேசுங்க. முடியலன்னா அவங்ககிட்டயே ஒப்படைச்சிடுங்க. கிரிவலப் பாதை ஓரமா ராத்திரில மலைக்காட்டுல விட்டுடலாம்ங்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். பெட்டியில பிறந்து வளர்ந்ததுக்கு இரை தேடத் தெரியாது, அதோட உண்ணியும் நோயும் நம்ம சாரைக்கும் நாகத்துக்கும் போய்ச் சேரும்.