சுருங்கும் புருவம்

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே பயில, பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் ஒப்புதல் அளித்தது. துறைக்கேற்ற ஆசிரியர் இல்லாத சிற்றூர்க் கல்லூரிகளுக்கு இது பெரும் வாய்ப்பு, மறுப்பதற்கில்லை. ஆயினும், காணொளியை ஓடவிட்டு உறங்குபவரையும் விழிப்போடு கேட்பவரையும் திரை வேறுபடுத்தி அறிவதில்லை.

வகுப்பறையில் பின்வரிசையில் ஒரு புருவம் சுருங்கினால் ஆசிரியர் சற்றே நிறுத்துகிறார்; வேறோர் எடுத்துக்காட்டைத் தேடுகிறார். பதிவுசெய்த விரிவுரைக்கு அந்தப் புருவம் தெரியாது. ஐயத்தை விவாத அரங்கில் எழுதிக் கேட்கலாம்தான், ஆங்கிலத்தில் எழுதக் கூசாதவர்கள்! மற்றவர்களின் ஐயம் அங்கேயே மடிகிறது.

இத்தகைய பாடங்களுக்குக் கல்லூரியில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதிதான். அவர் பெயர்ப்பட்டியலில் மட்டும் இருந்தால் போதாது. மாணவர் மொழியிலேயே ஐயம் களைய, கால அட்டவணையில் அவருக்கு வாரந்தோறும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அது பணிச்சுமையாகவும் கணக்கிடப்பட வேண்டும்.