பாதி விலை வீடும் பழவேற்காட்டுப் பணமும்

"கடன் கட்டாதவன் வீட்டை பேங்க்காரன் பாதி விலைக்குத் தள்ளிவிடுறான். நம்ம ஆளுங்கதான் தூங்கிக்கிட்டு இருக்கோம்." பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸிலும், கரையில் வலை பொத்துகிற இடத்திலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தரகர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி. கடைசி மாடி, மொட்டை மாடியை ஒட்டிய வீடு, கடல் காற்று வரும். சந்தை விலை 35 லட்சம், ஏல விலை வெறும் 20 லட்சம்.

நகரத்தில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டே இருக்கிறது. தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தது. அதை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்துக் குப்பங்கள் போராடி வருகின்றன. 2004 சுனாமியைப் பார்த்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு கூரை இருந்தால் தேவலை என்று தோன்றாமல் இருக்குமா? பிள்ளைகளும் படிக்க, வேலை பார்க்கச் சென்னைக்குப் போகிறார்கள். ஆனால் இந்த ஆசைக்குத் தரகர் போட்டுக்கொடுக்கும் கணக்கு இருக்கிறதே, அதில் பல இடத்தில் ஓட்டை.

முதலில் அந்தப் பாதி விலை. விளம்பரத்தில் இருப்பது ஏலம் தொடங்கும் விலை. இதற்குக் கீழே விற்பதில்லை என்று வங்கி அங்கீகரித்த மதிப்பீட்டாளரை வைத்து நிர்ணயித்த எண் அது. நல்ல வீடாக இருந்தால் அந்த விலைக்கு நிற்காது, நான்கு பேர் கேட்டு ஏற்றிவிடுவார்கள். யாரும் ஏற்றாமல் நமக்கே விழுந்தால், ஏன் ஏற்றவில்லை என்பதுதான் கேள்வி. அப்புறம், அந்த 35 லட்சம் யார் போட்ட விலை? பெரும்பாலும் தரகரே போட்டது.

கடைசி மாடிக்கு என்று தனிக் கதை உண்டு. தரைத்தளமும் இரண்டு மாடியும் என்று திட்ட அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவது, நான்காவது மாடியைப் பிறகு ஏற்றிய கட்டடங்கள் வடசென்னையில் ஏராளம். அனுமதி மீறிய கட்டடங்களை வரன்முறை செய்ய நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவு கொண்டுவரப்பட்டது. ஆனால் அது 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்குத்தான். அதற்குப் பின் ஏறிய மாடிக்கு அந்த வழி கிடையாது. பூட்டி முத்திரை வைக்கவும் இடிக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. இதோடு மனையில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். கீழ் வீடுகளுக்கே மொத்த மனையையும் பங்கு போட்டு எழுதிக்கொடுத்துவிட்டு, மேலே கட்டியவருக்குப் பெயருக்கு நாலு சதுர அடி எழுதியிருப்பார்கள். கட்டடம் முப்பது வருடத்தில் பழசாகும்போது கையில் மிஞ்சுவது அந்த நாலு சதுர அடிதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு 20 லட்சம் பாதி விலையே இல்லை, அதன் முழு விலையாகவே இருக்கலாம்.

"பேங்கே விக்கிறான், பத்திரத்துல என்னண்ணே வில்லங்கம் இருக்கப் போகுது?" என்பது அடுத்தது. எல்லோரும் நம்புவது இதைத்தான். கடன் கொடுத்தபோது வங்கி வக்கீலை வைத்துப் பத்திரம் பார்த்திருக்கும், உண்மை. அது பத்து வருடத்துக்கு முந்தைய கதையாக இருக்கலாம். பார்த்ததும் வங்கியின் பணத்துக்காக, நமக்காக அல்ல. வாராக்கடன் ஆன கணக்குகளில் சில, அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் கொடுத்தவையும்கூட.

ஏலம் நமக்குப் புதிதில்லை. கரையில் இறால் ஏலம் போகும்போது சரக்கு கண்ணெதிரே கொட்டிக் கிடக்கும்; கையை விட்டுப் புரட்டி, அடியில் இருப்பது என்ன ரகம், எத்தனை மணி நேரத்துச் சரக்கு என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறோம். வங்கி ஏலத்தில் ஒரு படமும் ஒரு பக்க அறிவிப்பும்தான். அந்த அறிவிப்பின் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: சொத்து உள்ளது உள்ளபடி, எங்கே எப்படி இருக்கிறதோ அந்த நிலையில், வங்கியின் பொறுப்பு ஏதுமின்றி விற்கப்படுகிறது. வில்லங்கம் இல்லை என்று வங்கி உத்தரவாதம் தரவில்லை; இருந்தால் உன் பாடு என்று எழுதியே கொடுக்கிறது.

அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கும்? மாநகராட்சி சொத்து வரி பாக்கி, குடிநீர் வாரிய பாக்கி, குடியிருப்போர் சங்கத்துக்கு வருடக்கணக்கில் கட்டாத பராமரிப்புத் தொகை. மின்கட்டண பாக்கி பற்றி 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது: விதிகள் இடம் கொடுத்தால், பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பாக்கியை ஏலத்தில் வாங்கியவரிடம் கேட்கலாம். வில்லங்கச் சான்று எடுத்தால் பதிவானவை தெரியும். அண்ணன் தம்பிக்குள் வாய்மொழியாகப் பாகம் பிரித்ததோ, பதியாத ஒப்பந்தம் போட்டு யாரோ முன்பணம் கொடுத்திருப்பதோ அதில் வராது. தெருவில் போய் நாலு வீட்டில் விசாரித்தால்தான் தெரியும்.

"ஏலம் எடுத்தா சாவி கையில." இல்லை. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடன்காரருக்கு 60 நாள் நோட்டீஸ் விட்ட பிறகு வங்கி சொத்தை சுவாதீனம் எடுக்கலாம். ஆனால் சுவாதீனத்தில் இரண்டு வகை. கதவில் நோட்டீஸ் ஒட்டி நாளிதழில் விளம்பரம் கொடுப்பது பெயரளவிலான சுவாதீனம். ஆளை வெளியேற்றிப் பூட்டுப் போடுவது நேரடி சுவாதீனம். ஏலத்துக்கு வரும் வீடுகளில் கணிசமானவை முதல் வகை. உள்ளே குடும்பம் இருக்கும், அல்லது ஒத்திக்கு வந்தவர் இருப்பார். அவரை வெளியேற்ற வங்கி 14-ஆம் பிரிவின் கீழ் தலைமை நீதித்துறை நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுப் போட வேண்டும். உத்தரவு வந்து, ஆள் வந்து, போலீஸ் வந்து பூட்டு உடைக்கும் வரை வாங்கியவர் வாடகை வீட்டில் இருந்துகொண்டு வட்டி கட்ட வேண்டியதுதான்.

இதில் தரகர் சொல்லும் ஒரு பகுதி சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஏலம் முடிந்த பிறகும் கடன்காரர் பணத்தோடு வந்து வீட்டை மீட்டுக்கொள்வார். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஏல அறிவிப்பு வெளியானதோடு அந்த மீட்பு உரிமை முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னது. வாங்குபவருக்கு இது நல்ல பலம். ஆனாலும் வங்கி நடைமுறையில் தவறியது என்று கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் போகும் வழி கடன்காரருக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. கடன்காரருக்கு 30 நாள் அவகாச அறிவிப்பை முறையாகக் கொடுக்காத குற்றத்துக்காகவே ஏலம் ரத்தானதுண்டு, 2014-இல் உச்ச நீதிமன்றத்திலேயே. வங்கி செய்த பிழைக்கு வாங்கியவரும் சேர்ந்து அலைகிறார்.

ஊரில் பெரியவர்கள் சொல்லும் எதிர்வாதம் ஒன்று உண்டு: அடுத்தவன் வயிறெரிஞ்சு விட்டுப்போன வீடு, ராசி இருக்காது. எனக்கு அதிலும் உடன்பாடில்லை. கடன் கட்ட முடியாமல் போன குடும்பத்தின் துயரம் உண்மை, அதற்கு வீட்டின் ராசி என்ன செய்யும்? நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்.

இப்போது முக்கியமான கூற்றுக்கு வருவோம். "பணத்த எப்படியாவது பெரட்டிக்கலாம்." மேலே சொன்னதெல்லாம் எந்த ஊர்க்காரருக்கும் பொருந்தும். இது மட்டும் நம் ஊருக்கென்றே உள்ள கண்ணி.

20 லட்சத்துக்கு ஏலம் தொடங்குகிறது என்று வையுங்கள். முன்வைப்புத் தொகை வழக்கமாகப் பத்து விழுக்காடு, 2 லட்சம். நமக்கு 22 லட்சத்துக்கு விழுகிறது. அதில் கால் பங்கு, அதாவது 5.5 லட்சத்தை, அன்றைக்கே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். முன்வைப்பு போக இன்னும் 3.5 லட்சம், ஒரே நாளில். மீதி 16.5 லட்சத்தை ஏலம் உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் சம்மதித்தால் நீட்டிக்கலாம், அதிகபட்சம் மூன்று மாதம். தவறினால் கட்டிய கால் பங்கும் போய்விடும். "மொத்தத்தையும் எடுத்துக்குவானா, கொஞ்சமாவது திருப்பித் தருவான்" என்று நினைப்பவர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சென்ட்ரல் பேங்க் வழக்கில் 2024 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். முழுத் தொகையையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என்று அதில் சொல்லியிருக்கிறது.

பதினைந்து நாளில் பதினாறு லட்சம் தருவதற்குப் பழவேற்காட்டில் என்ன இருக்கிறது? மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கடன் கேட்டால் சம்பளச் சீட்டு நீட்டுவார். நம்மிடம் அது கிடையாது. வருமான வரிக் கணக்கும் பெரும்பாலும் கிடையாது. ஏலச் சொத்துக்குக் கடன் தரும் வங்கிகளும் விற்பனைச் சான்றிதழ் எங்கே, காலி வீடா என்று கேட்கும். சான்றிதழோ முழுப் பணம் கட்டிய பிறகுதான் வரும். மீனவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு, ஆனால் அது டீசலுக்கும் வலைக்கும் ஐஸுக்குமானது. மகளிர் குழுக் கடன் லட்சத்துக்கு மேல் போனால் அதிசயம். ஏலச்சீட்டு எப்போது விழும் என்று யார் சொல்வது? மிஞ்சுவது பெண்களின் கழுத்தில் கிடப்பது. அதற்குப் பிறகு மீன் வியாபாரி.

வியாபாரியிடம் வாங்கும் பணத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. முன்பணம் வாங்கியவர் பிடிப்பை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் குறைத்துப் போட்டாலும் வாய் திறக்க முடியாது. அதை வட்டி என்று யாரும் சொல்வதில்லை, எழுதி வைப்பதுமில்லை. வலைக்கும் இன்ஜினுக்கும் வாங்கிய ஐம்பதாயிரத்துக்கே வருடக்கணக்கில் கட்டுண்டு கிடக்கிறவர்களை எல்லாக் குப்பத்திலும் காட்டலாம். அதே கையிடம் ஐந்து லட்சம், பத்து லட்சம் வாங்கி நகரத்தில் வீடு எடுத்தால், வீட்டின் உண்மையான விலை பத்திரத்தில் இருக்காது. எடைத் தராசில் பல வருடம் கழிந்துகொண்டே இருக்கும். தரகர் காட்டும் 15 லட்சம் லாபம் போகிற இடம் இதுதான்.

வருமானமும் ஒரே சீராக வருவதில்லை. மழை வந்து முகத்துவாரம் திறந்து நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் மாதங்களில் இறால் கொழிக்கும். கோடையில் வாய் மூடி ஏரி உப்பேறினால் படகு சும்மா கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அதற்கான நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இடையில் யாரும் எதிர்பாராதது வரும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது நல்ல மீனைக்கூட வாங்க ஆளில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மறுபடி அதே கதை. அந்த மாதங்களிலும் தவணைத் தேதி மாறாது.

"வாடகைக்கு விட்டா தவணைய அதுவே கட்டிக்கும்" என்பதற்கு நாலு வரி போதும். 15 லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 15 வருடம்: மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். அந்தக் கடைசி மாடி வீட்டுக்கு, லிஃப்ட் இல்லாமல், 8,000 வாடகை வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். சொத்து வரி, சங்கப் பராமரிப்பு, மழைக்கு ஒழுகும் தளம் எல்லாம் அதிலிருந்துதான். தவணையில் பாதி நம் கைக்காசு.

வாடகைக்கு விடாமல் நாமே போய் இருந்துவிட்டால்? கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஊர்களில் ஏரியில் வலை கட்டும் இடத்தைக் குலுக்கிப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஊரில் தலைக்கட்டாக இருந்து, ஊர் வரி கொடுத்து, கூட்டத்துக்கு வருகிறவருக்குள்ள உரிமை அது. தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு அதைக் காப்பாற்றுவது லேசல்ல. பாட்டை எந்த வங்கியும் அடமானம் பிடிக்காது. அதனாலேயே எந்த வங்கியும் அதை ஏலம் விடவும் முடியாது.

ரொக்கத்தைச் சும்மா வைத்திருப்பவர், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும், சார்பதிவகத்துக்கும் மாநகராட்சிக்கும் அலைய நேரமும் உள்ளவர், வழக்கு இரண்டு வருடம் இழுத்தாலும் சோற்றுக்குப் பாதிக்காதவர், இவர்களுக்கு வங்கி ஏலம் நல்ல வியாபாரம். விலை குறைந்திருப்பதே அந்த அலைச்சலுக்கும் காத்திருப்புக்கும் கூலியாகத்தான்.

கடைசியாக, "இப்ப விட்டா போச்சு." எதுவும் போகாது. ஏலத்தில் ஆள் வராவிட்டால் வங்கி 15 நாள் அறிவிப்போடு மறு ஏலம் விடும். தொடக்க விலையையும் இறக்கிப் பார்க்கும். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை பேங்க்நெட் தளத்தில் யாரும் பார்க்கலாம், தரகர் தேவையில்லை. கண்ணில் பட்ட வீட்டின் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மூன்று மாதம் அந்தத் தளத்தையும் நாளிதழ்களையும் கவனியுங்கள். அதே எண் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நேரடி சுவாதீனம் ஆகிவிட்டதா, திட்ட அனுமதி எத்தனை மாடிக்கு, மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்ற மூன்றையும் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து எழுத்திலேயே பதில் கேளுங்கள். முன்வைப்புத் தொகை கட்டுவதைப் பற்றி அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.